எந்த டாக்டரிடம் எதைச் சொன்னேன்

முதுகில் கோளாறு என்றால் முதுகுதானே வலிக்க வேண்டும்? எனக்கு வலது கால்தான் வலித்தது. இடுப்பில் புறப்பட்டு, பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு, பெருவிரலில் போய் முடியும். அரசுப் பேருந்தில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர் நான். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை போய்த் திரும்பும் வண்டி. ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து வந்த வலி என்று நினைத்துக் காலுக்கே தைலம் தேய்த்தேன். இரண்டு வருடம் தேய்த்தேன். சர்க்கரையாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. கட்டிலில் படுத்தால் வலிக்கும், எழுந்து நின்றால் வலிக்கும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். இப்படியும் ஒரு வலி இருக்குமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஒரு மத்தியானம், அன்னவாசலுக்கு முன்னால், புல்லுக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் வண்டியில் ஒரு பெரியவர் குறுக்கே திரும்பினார். தூரம் இருந்தது. நிறுத்தக்கூடிய தூரம்தான். காலை எடுத்து பிரேக்கில் வைக்க நினைத்தேன். கால் வரவில்லை. மரத்துப் போயிருந்ததா, வலியில் இழுத்துக்கொண்டதா, அல்லது நான் ஒரு நொடி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி சாலையோர மண்ணில் இறங்கி, கருவேலம் புதரை உரசிக்கொண்டு ஓடியது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். கண்ணாடி ஒன்று உடைந்தது. யாருக்கும் அடி இல்லை. அந்தப் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

என்னோடு எட்டு வருடமாக ஓடும் கண்டக்டர் ஓடி வந்தார்.

"என்னாச்சுண்ணே?"

"கால் வரலப்பா."

அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஆடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிருவோம்ணே" என்றார். அப்படியே சொன்னோம். டிப்போவிலும் நம்பினார்கள், வீட்டிலும் நம்பினார்கள். மனைவி அந்த ஆட்டுக்காக வருத்தப்பட்டாள்.

அதற்குப் பிறகுதான் திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தனியாகப் போனேன். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். இடுப்பில் நாலாவது எலும்பு ஐந்தாவது எலும்பின் மேல் முன்பக்கமாக நழுவியிருந்தது. காலுக்குப் போகிற நரம்பு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

"கால் எப்பவாவது சொன்ன பேச்சுக் கேக்காம இருந்திருக்கா?" என்று கேட்டார்.

யாரும் பக்கத்தில் இல்லை. அந்தத் தைரியத்தில் அன்னவாசலில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடினார். "அப்ப தள்ளிப்போட வேண்டாம். நரம்பை அமுக்குற எலும்பை எடுத்துட்டு, ரெண்டு எலும்பையும் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டுச் சேத்துரணும். போகப்போக ரெண்டும் ஒண்ணா வளந்துரும்."

வீட்டுக்கு வந்து ஆபரேஷன் என்ற பாதியை மட்டும் சொன்னேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். புதுக்கோட்டையிலேயே இன்னொரு டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். அவரும் அதே படத்தைத்தான் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். அன்றைக்கு எல்லாம் செய்ய முடிந்தது. கால் எப்போதாவது தளர்ந்து போனதா என்று அவரும் கேட்டார். மனைவி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல சார். வலி மட்டுந்தான்" என்றேன்.

"வலி மட்டும்னா அவசரமே இல்ல. எடையைக் குறைங்க, பிசியோதெரபி போங்க. ஆறு மாசம் பாப்போம்."

வெளியே வந்ததும் அவளுக்கு ஒரே குழப்பம். "ஏங்க, ஒருத்தரு வெட்டணுங்கிறாரு, இன்னொருத்தரு தொடவே வேணாங்கிறாரு. ஒரே படத்தத்தானே ரெண்டு பேரும் பாத்தாங்க? இதுல யாரு சொல்றத நம்புறது?"

அவளுடைய குழப்பத்துக்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் குழப்பம் வேறு. இரண்டாவது டாக்டரிடம் நான் சொன்னதே உண்மையாக இருக்கக்கூடாதா என்று யோசித்தேன். கால் ஒரே ஒரு முறைதான் வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் வருகிறதே. ஒரு வாரம் ஆபரேஷன் என்பேன், மறுவாரம் வேண்டாம் என்பேன். அவள் வேண்டாம் என்று சண்டை போடும்போது எனக்கு ஆபரேஷன் வேண்டும்போல இருக்கும். அவள் சரி என்று இறங்கி வந்தால் பயம் வந்துவிடும். கடைசியில் ஒரு நாள் இலுப்பூர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது, வலது செருப்பு படியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு டீக்கடை வரைக்கும் போயிருக்கிறேன். தரை சுட்டதுகூடத் தெரியவில்லை. அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன். மனைவியிடம் வலி தாங்க முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

திருச்சி டாக்டர் செய்த ஆபரேஷன் நாலு மணி நேரம் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கண்ணை மூடித் திறந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. திறந்ததும் முதலில் காலைத் தேடினேன். வலி இல்லை. முதுகு நெருப்பாய் எரிந்தது, கால் சும்மா கிடந்தது. நோய் இப்போதுதான் தன்னுடைய சொந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் இல்லை. மருந்து மயக்கம் என்றும், சிலருக்கு அப்படி ஆகும் என்றும் சொன்னார்கள். துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வருகிறது. ஜன்னல் ஓரமாக மரங்கள் பின்னால் ஓடின. நர்ஸ் டிக்கெட் கேட்டார். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

மூன்றாம் நாள் பிசியோதெரபிப் பெண் வந்தார். சின்ன வயசு, கண்டிப்பான குரல். "மரக்கட்டையப் புரட்டுற மாதிரி மொத்தமா திரும்பணும் சார். இடுப்ப மட்டும் முறுக்கக்கூடாது" என்று சொல்லி எழுப்பி நிறுத்தினார். இடுப்பில் பெல்ட். பத்து அடி நடந்தேன். மனைவி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை. முதுகு சரியாகவில்லை போலிருக்கிறது, டாக்டர் இவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு, பத்து நாள் அந்தப் பயத்திலேயே கிடந்தேன்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். எனக்குக் கால்சட்டை மாட்டிவிடக் குனிந்திருந்தாள். நான் குனியக்கூடாதே. குனிந்தபடியே கேட்டாள்.

"அந்த டிவிஎஸ் பெரியவரு யாருங்க?"

எனக்கு உடனே புரியவில்லை.

"ஆஸ்பத்திரில ரெண்டு நாளு அதேதான் சொன்னீங்க. கால் வரல, கால் வரல, எல்லாரும் எறங்குங்கன்னு. பக்கத்துக் கட்டில்காரரு பயந்து எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கண்டக்டரு தம்பி பாக்க வந்தப்ப கேட்டேன். சொல்லிட்டாரு."

நான் இடுப்பு பெல்ட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினேன்.

"எங்கிட்ட மறைச்சது போகட்டும். டாக்டருகிட்ட மறைச்சிருக்கீங்க. நான் ஒண்ணுந் தெரியாம வேணாம் வேணாம்னு ஒங்க கூட சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன். எம் பேச்சக் கேட்டு நீங்க வண்டிய ஓட்டிக்கிட்டே இருந்திருந்தா?"

நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. "நீ எதுக்கு அழுகுற?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவள் கால்சட்டையின் கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சேர ஆரம்பித்துவிட்டது, ஆபரேஷன் வெற்றி என்றார் டாக்டர். கால் வலி முழுசாகப் போய்விட்டது. ஆனால் பெருவிரலும் பாதத்தின் ஒரு பக்கமும் மரத்தது மரத்தபடி இருந்தன. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதில் நான் குணமானவனா, ஆகாதவனா? கேட்டவர்களிடம் ஒரு நாள் ஆமாம் என்றேன், ஒரு நாள் இல்லை என்றேன். இரண்டும் பொய்யில்லை.

மறுபடி வண்டி எடுக்க மருத்துவக் குழுவின் முன்னால் போக வேண்டும். போகிற அன்று மனைவியும் கிளம்பினாள். வாசலில் வைத்து, "உள்ள நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லவா?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன்."

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். காலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். "நல்லாத்தானே இருக்கு? வண்டி ஓட்டுவீங்கல்ல?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். ஆமாம் என்றால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"ஓட்டுவேன் சார். ஆனா செருப்புக் கழண்டு விழுந்தா தெரிய மாட்டேங்குது" என்றேன். பிறகு அன்னவாசல் சமாச்சாரத்தையும் சொன்னேன். ஆடு இல்லை என்றும் சொன்னேன்.

டிரைவர் வேலைக்குத் தகுதியில்லை, இலகுப் பணி கொடுக்கலாம் என்று எழுதினார்கள். ஆட்டுக் கதைக்காகக் கண்டக்டருக்கும் எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கண்டக்டர் நாலைந்து நாள் பேசாமல் இருந்தார். பிறகு அவராகவே வந்து, "சொன்னது நல்லதுதாண்ணே. சொல்லப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். அதுவும் நியாயந்தான்.

இப்போது டிப்போவில் வண்டிகள் போகிற வருகிற நேரத்தைக் குறிக்கிற வேலை. சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை. வருத்தமா என்றாலும் தெரியவில்லை. வீட்டில் மட்டும் ஒன்று மாறியிருக்கிறது. டாக்டரிடம் போனால் இப்போதெல்லாம் அவள்தான் பேசுகிறாள். நான் விட்டதை எடுத்துக்கொடுக்கிறாள்.

போன மாதம் பொன்னமராவதி வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர் ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவருக்கும் இடுப்பு எலும்பு நழுவியிருக்கிறதாம். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப நான் பண்ணிக்கலாமாண்ணே, வேணாமா?" என்றார்.

"எனக்குத் தெரியல தம்பி" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம்தான். உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனார். மறுவாரம் அவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு திருச்சி டாக்டரிடம் போய் வந்ததாகச் சொன்னார்கள்.