நாற்பது மெயிலும் இட்லி மாவும்

போன சனிக்கிழமை மதியம் கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் ஒரு தியேட்டரில் சினிமா பார்த்தேன். நாட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் அரசாங்கம் உளவு பார்க்கிறது என்று கதை. த்ரில்லராம்! ஹீரோ கீபோர்டில் பத்து விநாடி தட்டுகிறார். அமைச்சரின் ரகசியமெல்லாம் பொலபொலவென்று கொட்டுகிறது. அரசாங்க ஆபீஸில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்குச் சிரிப்பு வராதா? எங்கள் பிரிண்டருக்கு இங்க் வாங்கவே மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

“டிக்கெட் காசு தண்டம் சார்” என்றார் கூட வந்த முருகேசன். மதுரைக்காரர், என் ஆபீஸிலேயே மேல் மாடியில் வேலை.

இடைவேளையில் என் போனுக்கு ஆபீஸிலிருந்து ஒரு மெசேஜ். ‘உங்கள் அலுவலக மெயில்கள் ஆய்வில் உள்ளன. திங்கள் காலை பதினோரு மணிக்கு அதிகாரியின் அறைக்கு வரவும்.’

போனை முருகேசனிடம் நீட்டினேன்.

முருகேசன் அவசரமாகத் தன் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. மனிதர் முகத்தில் அப்படியொரு நிம்மதி!

விஷயம் இதுதான். நானும் அவரும் ஆபீஸ் மெயிலில் தமிழில் வம்பளப்போம், ஆங்கில எழுத்தில் அடித்து. கொல்கத்தாவில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். பாஸ்வேர்டு கூட இவ்வளவு பத்திரம் இல்லை என்று பீற்றிக்கொள்வோம். என் அதிகாரியைப் பற்றி நான் எழுதியதில் ஒன்று: ‘சிடுமூஞ்சி, என் டிரான்ஸ்ஃபர் ஃபைல் மேல கோழி மாதிரி அடைகாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.’

அந்த ஃபைலில்தான் என் உயிர் இருக்கிறது. மனைவி வசந்தி சென்னையில் இருக்கிறாள். தன் வேலையையும் பார்த்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் அப்பாவையும் பார்த்துக்கொண்டு... இரண்டு வருடம் ஆகிறது.

படத்தின் இரண்டாம் பாதி முழுக்க எனக்கு வியர்த்துக் கொட்டியது. தியேட்டரிலேயே பயந்து நடுங்கியவன் நான் ஒருத்தன்தான்!

ஞாயிறு வசந்தி போன் செய்தாள். “ஃபைல் நகர்ந்துச்சாங்க? மாமாவைத் தூக்கி உட்கார வைக்க என்னால முடியலைங்க. இடுப்பு விட்டுப்போகுது.”

“இந்த வாரம் ஆயிடும்” என்று புளுகினேன். போனை வைத்தபின் அழுகை வந்தது. கொழுப்பெடுத்து நான் அடித்த மெயிலுக்கு அவள் இடுப்பு விலையா?

திங்கள், பதினோரு மணி. அறைக்குள் நுழைந்தால், அதிகாரிக்குப் பக்கத்தில் மிதாலி தீதி. என் பக்கத்து சீட்டுக்காரர், வங்காளத்து அக்கா. கையில் கத்தையாக என் மெயில்களின் பிரிண்ட்.

புதிதாகப் போட்ட சாஃப்ட்வேர், இது என்ன மொழி என்று விளங்காமல் என் மெயில்களைப் பிடித்து மேலே அனுப்பிவிட்டதாம். மொழிபெயர்க்கவும் அதற்குத் தெரியவில்லை. அதனால் அதிகாரி, தமிழர்களோடு பழகியவர் என்று தீதியைக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தீதியைப் பற்றியும் எழுதியிருக்கிறேனே! ‘பக்கத்து சீட் வாயாடி மீன் டப்பாவைத் திறந்தா நான் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட வேண்டியதுதான்.’

“என்ன எழுதியிருக்கிறார்?” என்று இந்தியில் கேட்டார் அதிகாரி.

தீதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு தாளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அது எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும்.

“இட்லி மாவு, சார்.”

“என்ன?”

“இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது. பாவம், இரண்டு பேரும் அதைத்தான் புலம்பியிருக்கிறார்கள்.”

“நாற்பது மெயிலிலுமா?”

“சில நாள் தோசை மாவு” என்றார் தீதி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். சமையல் புலம்பலுக்கு ஆபீஸ் மெயில் எதற்கு என்று பத்து நிமிடம் வறுத்தெடுத்தார். போகச் சொன்னார். வியாழக்கிழமை என் ஃபைலில் கையெழுத்து விழுந்தது.

சினிமாவில் அடுத்தவன் மெயிலைப் படிக்கிறவன் எல்லாம் வில்லன். படித்துவிட்டு ஒருத்தனைக் காப்பாற்றவும் முடியும் என்று அந்த டைரக்டருக்கு யாராவது சொன்னால் தேவலை.

ஆனால் தீதிக்கு உண்மையிலேயே எவ்வளவு புரிந்தது? திங்கள் முதல் அதே யோசனை. கேட்கத்தான் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவரே சாப்பாட்டு டப்பாவோடு என் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். கடுகு அரைத்துவிட்ட மீன்.

“ஓடலையா ரகு?” என்றார். தமிழில்!

எனக்கு முகமெல்லாம் சுட்டது.

“பதினாலு வருஷமா என் பக்கத்து சீட்டுல தமிழ்க்காரங்கதான். காதை மூடியா வெச்சிருக்கேன்?”

“மன்னிச்சிடுங்க தீதி...”

ஒரு மீன் துண்டை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தார்.

“சாப்பிடு. வாயாடி சமைச்சது.”