குடிலில் நான் வைத்த நெருப்பு

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் சமயம். ராயப்பன்பட்டியில் எங்கள் தெருவில் வருடா வருடம் குடில் போடுவோம். நான் உத்தமபாளையத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவன். அந்த வருடம் டி.வி.யைத் திறந்தால் போர்தான். அதையே குடிலில் வைத்தால் என்ன என்று தோன்றியது. வைக்கோல் கூரைக்குப் பதில் இடிந்த சுவர், நடுவில் பாலன், பின்னால் ஒரு பெரிய டி.வி. வாட்ஸ்அப்பில் வந்த போர்க் காட்சிகளை வெட்டி ஒட்டி, மூன்று நிமிடப் படமாக ஓடவிட்டேன். ஜனம் செல்போனும் கையுமாகக் குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து நிற்பார். பாலனைப் பார்க்க மாட்டார், டி.வி.யையே பார்ப்பார். என் கைவண்ணத்தில் மனுஷன் சொக்கிப் போய்விட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மடையன்!

நாலாம் நாள் அவரே கிட்டே வந்தார்.

"தம்பி, துணி காயப்போட்ட மாடி வீடு ஒண்ணு வருதுல்ல, அதக் கொஞ்சம் நிப்பாட்டிக் காட்டுவீகளா?"

நிறுத்தினேன். மாடி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவர் திரையோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி இந்தச் சண்ட நடக்குற நாட்டுலதேன் ஒரு வயசாளியப் பாத்துக்கிற வேலைக்குப் போயிருக்கா. வீடியோ கால்ல இதே மாதிரி மாடியத்தேன் காட்டுனா. பத்து நாளா போனே இல்ல தம்பி."

அது எந்த நாட்டுக் காட்சி என்றே எனக்குத் தெரியாது. அதைவிடக் கேவலம், அந்த வீடு எரியவே இல்லை. சும்மா நின்ற வீடு. எடுப்பாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் தீயையும் புகையையும் வைத்தவன் நான்தான், கல்யாண வீடியோவில் பூ தூவுகிற மாதிரி. திக்கித் திணறி அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை.

"அப்ப வீடு நல்லாத்தேன் இருக்கா?" என்றார்.

"எந்த ஊரு வீடுன்னே தெரியலைண்ணே."

"தெரியாட்டிப் போகுது. நெருப்ப மட்டும் எடுத்துருங்க. வீடு இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கிறேன்."

அன்றைக்கே எடுத்தேன். குண்டு சத்தத்தையும் எடுத்தேன். கூட்டம் குறைந்துபோனது. அவர் மட்டும் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை வந்து அந்த மாடியைப் பார்த்துவிட்டுப் போனார். குடிலைப் பிரித்த அன்று, அந்தக் காட்சியைத் தன் செல்போனில் ஏற்றித் தரச் சொன்னார்.

பொங்கல் கழிந்து அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. நல்லபடியாக இருக்கிறாராம். அண்ணன் அந்தக் காட்சியை அனுப்பிக் கேட்டதில், அந்த மாடி அவர் இருக்கும் வீடே இல்லையாம். வேலை ஒப்பந்தம் முடியாததால் இன்னும் ஊர் திரும்பவில்லை. போன மாதம் பஸ்ஸில் அந்த அண்ணனைப் பார்த்தபோது, "அதான் அது அவுக இருக்குற வீடு இல்லேன்னு ஆகிப்போச்சே, போன்ல இருக்குற அந்தப் படத்த அழிச்சிரவாண்ணே?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டும் தம்பி. அவ வரட்டும், அப்பறம் அழிப்போம்" என்றார்.

பெண்டாட்டி முகம் எங்காவது தெரியாதா என்று அவர் ஏங்கி நின்ற இடத்தில் நான் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேனே என்கிற கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.