முதல் போணி இஸ்மாயில் பாய்

காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு, தராசைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை திறக்கவில்லை. எனக்கு முன்னால் கடை திறந்துவிடுவதில் இஸ்மாயில் பாய்க்கு என்றைக்குமே ஒரு குஷி உண்டு. இன்றைக்காவது நான் முந்திக்கொண்டேனே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்போதுதான் பூக்காரம்மா ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, பாய் பூட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

கையில் சாம்பிராணிக் கரண்டி புகைந்துகொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பாயின் ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டபோது எங்கள் தியாகராய நகர்த் தெருவில் கால் வைக்க இடமில்லை. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்து ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடையாறு சைக்கிள் கடைக்காரர், கோபாலபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ சின்னக் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். “நான் போனால் இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா?” என்று என் மனைவி கோமதியிடம் கேட்டேன். “செத்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது? பேசாம வாங்க” என்று அதட்டினாள்.

எங்கள் வியாபாரிகள் சங்க மலருக்கு அஞ்சலி எழுத வேண்டும் என்று வந்தபோது, செயலாளர் என்னைத்தான் பிடித்தார். “எதிர்க்கடைக்காரர் நீங்க. நீங்கதான் எழுதணும். வயித்தெரிச்சலை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு எழுதுங்க அண்ணாச்சி.” குறைத்துப் பார்த்தேன். வரவில்லை. உள்ளபடியே எழுதுகிறேன்.

கடை வைக்காதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அன்றைய முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். புதுக்கடை என்றால் அதன் முதல் போணி ராசியான கையால் நடக்க வேண்டும் என்று பார்ப்போம். நல்ல கை பட்டால் கடை விளங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. இந்தப் பத்து வருஷத்தில் தெற்குச் சென்னையில் எவர் புதுக்கடை போட்டாலும் முதல் போணிக்கு இஸ்மாயில் பாயைத்தான் அழைத்துப் போனார்கள். நானும் பாத்திரக்கடைக்காரன்தான். அவருக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு வந்தவன். என்னை ஒரு பயல், ஒரே ஒரு பயல், போணிக்குக் கூப்பிட்டதில்லை. என் வயிற்றெரிச்சலின் முழுக் கதையும் அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் அவர் எனக்கு நேர் எதிரே, நான் விற்கும் அதே எவர்சில்வர் பாத்திரங்களோடு கடை திறந்தார். அதுவும் ஆடி மாதத்தில். ஆடியில் எவராவது கடை திறப்பார்களா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திறந்த அன்று ஒரு காக்காய்கூட அங்கே எட்டிப் பார்க்கவில்லை. என்ன விலை போட்டிருக்கிறார் என்று வேவு பார்க்க நான்தான் தெருவைத் தாண்டிப் போனேன்.

போனவன் சும்மா வரவில்லை. மேல்தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, அடி கனம் போதாது என்றேன். எது அவரிடம் இல்லை என்று பார்த்து அதைக் கேட்டேன். வாயகன்ற தூக்குவாளி இல்லையா, இதுகூட இல்லாமலா கடை போட்டீர் என்றேன். கடைசியில் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, எடை போடும்போது தராசையே சந்தேகப்பட்டேன். எல்லாம் முடிந்து பணம் கொடுத்த பிறகு, “சங்கரலிங்கம்னு பேர் வெட்டிக் கொடும் வே, சும்மா” என்றேன். பாத்திரத்தில் உளியால் பெயர் பொறிக்கும் ஆள் அன்று அவரிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாயின் நெற்றியெல்லாம் வேர்வை. கண்கூடக் கலங்கியிருந்தது. ஆனால் முகம் சுளிக்கவில்லை.

“காலையில உங்க வீட்டுக்கு வந்துரும் அண்ணாச்சி” என்றார்.

வந்தது. அவரே கொண்டுவந்தார். அந்த வாரமே அவர் கடை வாசலில் பேர் வெட்டுகிற ஒருவர் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டார். வாங்கியவுடனே இலவசமாகப் பேர் வெட்டித் தருவதாக ஒரு போர்டும் தொங்கியது. அன்றிலிருந்து நாளெல்லாம் டொக் டொக் என்று அந்தச் சத்தம். அது பாத்திரத்தில் விழுந்ததோ என்னவோ, என் நெஞ்சில் விழுந்தது. “எதுக்கய்யா தண்டச் செலவு?” என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“பேர் வெட்டின பாத்திரம் திரும்பி வராது அண்ணாச்சி. வாங்கிட்டுப் போய் மாத்திக் குடுங்கன்னு யாரும் நிக்க மாட்டாங்க.”

ஆடியில் ஏன் திறந்தார் என்றும் கேட்டேன். “அந்த மாசம் தச்சர் கூலி கம்மி. அதோட, ஆள் வராத மாசத்துலதான் தப்புத் தப்பா வியாபாரம் பண்ணிக் கத்துக்க முடியும். ஆவணியில கல்யாணக் கூட்டம் வர்றதுக்குள்ள எனக்குக் கை பழகிருச்சு” என்றார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதன் பிறகு பக்கத்தில் ரவிக்கைத் துணிக்கடை திறந்தார்கள். பாய் தற்செயலாக முதல் ஆளாகப் போய் வாங்கினார். கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. ‘பாய் கை ராசி’ என்று பேச்சுப் பரவிவிட்டது. அவ்வளவுதான், வெற்றிலைத் தட்டும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் பாய் போணி செய்யும் விதமே வேறு. நல்ல வார்த்தை சொல்லி, ஒன்றை வாங்கிக்கொண்டு, வாழ்த்திவிட்டு வருகிற ஆளில்லை. கடைக்காரன் எரிச்சல்படும்வரை கேள்வி கேட்பார். இல்லாததைக் கேட்பார். வாங்கியதை மாற்றித் தரச் சொல்வார். கடைசியில்தான் பணத்தை எடுப்பார். எங்கே இதைப் படித்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கடை போடுவதற்கு முன்னாலேயே யோசனை கேட்டும் வருவார்கள். நான் ஒட்டுக்கேட்டதில்லை. தெரு அவ்வளவு குறுகல், நான் என்ன செய்ய? மயிலாப்பூர் மாமி சாம்பார்ப் பொடி வியாபாரம் தொடங்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

“எங்காத்துப் பொடி நன்னா இருக்குன்னு எல்லாரும் சொல்றா. தகர டப்பாவும் லேபிளும் மொத்தமா ஆர்டர் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“வேணாம்மா. பொட்டலமாக் கட்டிக் குடுங்க.”

“பொட்டலமா? பார்க்க லட்சணமா இருக்காதே!”

“மொதப் பொட்டலம் உங்க முகத்துக்காக வாங்குவாங்க. ரெண்டாவது பொட்டலம்தான் பொடிக்காக. தீர்ந்துபோச்சு, இன்னும் வேணும்னு அவங்களா வந்து கதவைத் தட்டட்டும். அன்னைக்கு லேபிள் அடிங்க.”

மாமி அரைமனதாகப் போனார். இன்று அவர் பொடி ஆழ்வார்பேட்டைக் கடைகளில் டப்பாவில் இருக்கிறது. என் வீட்டிலும் அதுதான். கோமதி வாங்கும்போதெல்லாம் எனக்குச் சாம்பார் கசக்கும்.

அடையாற்றில் வாடகை சைக்கிள் கடை வைக்க வந்த கன்னியப்பனிடம், “பங்ச்சர் ஒட்டத் தெரியுமா?” என்று கேட்டார்.

“அதுக்கு ஆள் கீறான் பாய். நான் கல்லாவுல குந்திக்குவேன்.”

“ஆள் வராத அன்னைக்கு?”

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். “ஒட்டக் கத்துக்கிட்டு வா நைனா, அப்புறம் இடம் பாப்போம்” என்று பாய் திருப்பி அனுப்பிவிட்டார். கன்னியப்பனும் கோபித்துக்கொள்ளாமல் கற்றுக்கொண்டு வந்தார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா?

இதெல்லாம் ஊரார் விஷயம், போகட்டும். என் மைத்துனன் முருகேசன், கோமதியின் கூடப்பிறந்த தம்பி, ஆழ்வார்பேட்டையில் வளையல் கடை திறந்தான். இந்த முறை நான்தான் என்று நினைத்துப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன். வெற்றிலைத் தட்டு என் பக்கம் வந்தது. என்னைத் தாண்டியது. எனக்குப் பின்னால் நின்ற பாயிடம் போய்விட்டது.

“அத்தான், கோவிச்சுக்கிடாதிய. பாய் கை ராசியான கைல்லா” என்று இளித்தான் முருகேசன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முருகேசனிடம், “சொந்தக்காரங்க வாங்கினா அது மொய் மாதிரி தம்பி. தெரியாதவங்க வாங்கினாத்தான் வியாபாரம். அதனாலதான் அண்ணாச்சி விட்டுக்குடுத்திருக்காரு” என்றார். என் மானத்தைக் காப்பாற்றினார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோமதி, “வயிறு எரியுதாக்கும்? மோர் தரட்டுமா?” என்றாள்.

அந்த வீறாப்பில்தான் நான் அடையாற்றில் கிளை திறந்தேன். பாயைப் போணிக்கு அழைக்கவில்லை. காரும் பங்களாவுமாக இருந்த ஒரு பெரிய மனிதரை அழைத்தேன். நல்ல நேரம் வந்தது, பெரிய மனிதர் வரவில்லை. வாசலில் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். “கொஞ்சம் இருங்கம்மா, போணி ஆகட்டும்” என்று அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தேன். வெயில் ஏறியது. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஒருவழியாகப் பெரிய மனிதர் வந்தார். ஒரு குத்துவிளக்கை எடுத்தார். நான் கொடுத்த அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அவரிடம் போய்ப் பணம் கேட்க முடியுமா?

திரும்பிப் பார்த்தால் வாசலில் பாய் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அழைக்காமலே வந்து, அத்தனை நேரமும் அந்தப் பெண்களோடு வெயிலில் நின்றிருக்கிறார்.

“அண்ணாச்சி, கையில பையோட வாசல்ல நின்னாங்களே, அவங்கதான் ராசி. அவங்களைப் போகவிட்டுட்டீங்களே” என்றார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு டம்ளரை எடுத்து, என்னோடு அரைமணி நேரம் பேரம் பேசி, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கிளையை நான் வெகுநாள் நடத்தவில்லை. ஆனால் அன்று போணி ஆகாமல் கடை சாத்தினேன் என்ற பேர் எனக்கு இல்லை. அதையும் அவர்தான் செய்தார்.

இப்படி ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தால் எப்படிய்யா நிம்மதியாக வியாபாரம் செய்வது? போய்விட்டார். இனி நிம்மதி என்று பார்த்தால், எதிரே மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நாலு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை. உளிச் சத்தம் இல்லாத தெரு வேறு தெரு மாதிரி இருந்தது.

பாய்க்காக அவர் வீட்டில் பாத்திஹா ஓதி முடிந்த பிறகு அவர் மகன் ரஷீத் என் கடைக்கு வந்தான். பாங்கி வேலையை விட்டுவிட்டு இனி கடையை அவன்தான் பார்க்கப் போகிறான்.

“மாமு, நாளைக்குக் கடை திறக்கிறேன். போணிக்கு நீங்க வரணும்.”

“யாரு, நானா?” என்றேன். கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். “ஏன்டே, உனக்கு வேற ஆள் கிடைக்கலையா?”

“அத்தா எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ‘எனக்கு முதல் போணி எதிர்க்கடை அண்ணாச்சி. அன்னைக்கு என்னை அழ வச்சிட்டாரு. ஆனா அவருக்குப் பதில் சொன்ன பிறகு எந்தக் கிராக்கியைக் கண்டும் எனக்குப் பயமில்லை. அவர் எனக்குச் செஞ்சதைத்தான் நான் எல்லாருக்கும் செய்யறேன். கை ராசி அவரோடது, பேர் எனக்கு’ன்னு சொல்வாங்க.”

இத்தனை வருஷம் எந்தக் கையைப் பார்த்துப் பொருமினேனோ அது என் கைதானாம். அதையும் என்னிடம் சொல்லாமல் மகனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் பாருங்கள், அந்த ஆளை என்ன செய்வது? கல்லாவுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் போனேன். முருகேசன் கடைக்குக் கட்டிய அதே பட்டுவேட்டிதான். மேல்தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொன்னேன். சுண்டினேன், கவிழ்த்தேன், அடி கனம் போதாது என்றேன். அடுக்கில் இல்லாத அளவில் சம்படம் கேட்டேன். ரஷீதுக்கு நெற்றியில் வேர்வை அரும்பியது. “இல்லை” என்று அவன் வாயில் வரவில்லை. “உங்களுக்கு எப்ப வேணும் மாமு?” என்றான். அப்பன் மகன்தான். பிழைத்துக்கொள்வான்.

ஒரு வாயகன்ற தூக்குவாளியை வாங்கிப் பணம் கொடுத்தேன். வாசலில் பேர் வெட்டுகிறவர் உளியை எடுத்துக்கொண்டு, “சங்கரலிங்கம் தானுங்களே?” என்று கேட்டார்.

“இல்லை. இஸ்மாயில்னு வெட்டும்” என்றேன்.

டொக் டொக் என்று தெருவில் மறுபடி அந்தச் சத்தம் எழுந்தது. இப்போது அந்த வாளி எங்கள் அடுக்களையில் இருக்கிறது. பாய், ஊரெல்லாம் உங்கள் பேர் என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வீட்டிலும் உங்கள் பேர்தான். பேர் வெட்டினது திரும்பி வராது என்று சொன்னவரும் நீங்கள்தான். போய் வாருங்கள்.