அன்ரி பார்த்த மரண அறிவித்தல்

"கிழடுகளுக்கு இன்டர்நெட் படிப்பிக்கவோ உன்னை யூனிவர்சிற்றிக்கு அனுப்பினது?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன குளிர்காலத்தில் லண்டனில் லூயிஷாம் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் வயதானவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இணைய வகுப்பு எடுத்தேன். டொக்டரிடம் நேரம் எடுப்பது, பஸ் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தும் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. "அதெல்லாம் பிள்ளையள் செய்வினம்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மரண அறிவித்தல் தளத்தை மட்டும் தாங்களாகவே திறக்கப் பழகியிருந்தார்கள். ஊர்க்காரர் யார் எந்த நாட்டில் போய்ச் சேர்ந்தார் என்று தேத்தண்ணியோடு பார்த்தால்தான் அவர்களுக்குப் பொழுது விடியும். நான் அன்ரி என்று கூப்பிடும் ஓர் அம்மா மட்டும் அதையும் தொடமாட்டார். தனியாக இருப்பவர். கனடாவில் இருக்கும் ஒரே மகன் ஏதோ கோபத்தில் பல வருடமாக அவருடன் பேசுவதில்லை.

ஒரு சனிக்கிழமை, பின்னேரமே வெளியே இருட்டிவிட்டது. பிந்தி வந்த ஓர் ஐயா, அன்ரியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா... காலமை உங்களுக்கு ஓம் சாந்தி எழுதிப்போட்டெல்லோ வாறன்!"

டேப்லெட்டில் அந்தத் தளத்தைத் திறந்தேன். மாலையிட்ட படத்தில் அன்ரியேதான். அவர் பெயர், அவர் ஊர். படத்தின் கீழே ஒரு விளக்கு அசைந்து அசைந்து எரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அன்ரியை விட்டுக் கதிரைகளை மெல்லத் தள்ளி நகர்த்தினார்கள்.

எத்தனையோ தடவை காட்டியும் அன்ரிக்கு வராதது அப்போது தானாக வந்தது. இரு விரல்களால் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"செத்தது பாரிசில இருந்த என்ர பெரியப்பான்ர மகள். ரெண்டு பேருக்கும் அப்பம்மான்ர பேர்தான் வைச்சது. ஒரு கலியாணப் படத்தில பக்கத்தில பக்கத்தில நிண்டனாங்கள். ஆளை மாறி என்ர முகத்தை வெட்டி எடுத்துப் போட்டினம்."

உடனே தளத்துக்கு அறிவிக்கப் போனேன். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு பிள்ளை. ஆர் ஆர் எழுதியிருக்கினம் எண்டு பாப்பம்."

அஞ்சலிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பெயருக்கு அன்ரி சிரித்தார். "இவவோ? நான் உயிரோட இருக்கேக்க கோயிலில கண்டாலும் முகத்தைத் திருப்பிறவ." என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மகனின் பெயர் மட்டும் வரவில்லை.

"இன்னும் கீழ போ."

"கீழ ஒண்டும் இல்லை அன்ரி."

அப்போது அவருடைய கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அன்ரி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஓம் தம்பி, அம்மாதான். சாகேல்லையடா."

மறுமுனையில் ஓர் ஆண் குரல் உடைந்து அழுதது மண்டபம் முழுக்கக் கேட்டது. செத்துப்போனதாக நம்பிய தாயின் எண்ணுக்கு மகன் ஏன் அழைத்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

போனை வைத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்ரி சொன்னார்: "இனி மாத்தச் சொல்லு. பாவம், செத்தவவுக்கும் ஆக்கள் அழவேணுமெல்லோ."

வயதானவர்களின் விரல்களுக்கு இணையம் வராது என்று நினைத்திருந்தேன். யாரையாவது தேடவேண்டும் என்றால் அந்த விரல்களுக்கு எல்லாம் வரும் என்று அன்று கண்டேன். இந்த மாதம் ரெய்னர்ஸ் லேனிலும் ஒரு வகுப்புத் தொடங்கிவிட்டேன். எதையும் சொல்லிக்கொடுக்க முன்னர், யாரைப் பார்க்க ஆசை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாயிற்று.