கியோட்டோவில் நான் விட்ட ஒரு வசனம்

2009 கடைசியில் சுவிசுக்கு வந்தபோது, என் தஞ்ச விசாரணையில் மொழிபெயர்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்தவர். சாம்பல் நிறக் கோட், துடைத்து மினுக்கிய சப்பாத்து. நான் ஊரில் ஒரு நாளிதழின் செய்தியாளன். இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டதை, நான் இல்லாததால் பிழைதிருத்துபவரைக் கூட்டிப்போனதை, அவர் திரும்பி வராததை முக்கால் மணிநேரம் சொன்னேன். முடிவில் அவர் என் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார். சொன்னதெல்லாம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குப் போனபோது சட்டத்தரணி டொச் என்கிற ஜெர்மன் மொழிப் பிரதியை வாசித்தார். முக்கால் மணிநேரமும் அதில் ஒரே வரி: "வேலையிடத்தில் சில சிக்கல்கள்." மீதியை மொழிபெயர்த்தவர் எனக்குத் தன் நினைவிலிருந்துதான் வாசித்திருக்கிறார். செய்தியைச் சுருக்குவது என் தொழில். எதை வெட்டினால் செய்தி செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும்.

அனுமதி கிடைக்க இரண்டரை வருடம் ஆயிற்று. பீல் நகரில் கடிகாரத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மனைவி வந்தாள். அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் கோயில் சபைக்குத் தலைவரானார். திருவிழாவுக்குத் திருவிழா வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் தெரிவிக்கவில்லை.

சில வருடங்களின் பின் கோயில் ஆட்கள் பதினெட்டுப் பேர் யப்பானுக்குச் சுற்றுலா போனோம். வேலை, படிப்பு என்று பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. வழிகாட்டி ஓர் இளம் யப்பானியப் பெண். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினாள். தலைவருக்கு டொச் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் மட்டம்.

"தம்பி பேப்பரில இருந்தவராம். நீரே மொழிபெயரும்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

கியோட்டோவில் முதலில் போனது புஷிமி இனாரி. செம்மஞ்சள் தூண்வாசல்கள் மலைமேல் வரிசையாகப் போகும் ஆலயம். வாசலருகே கல் தொட்டி, மேலே நீட்டுப் பிடி போட்ட அகப்பைகள். வழிகாட்டி ஆறு வசனம் சொன்னாள். இடது கையைக் கழுவுங்கள். பிறகு வலது கை. உள்ளங்கையில் நீர் எடுத்து வாயில் விடுங்கள். விழுங்காமல் தொட்டிக்கு வெளியே துப்புங்கள். அகப்பையின் பிடியையும் கழுவுங்கள். இருந்த இடத்திலேயே வையுங்கள்.

நான்காவதை விட்டேன்.

அவர்தான் முதலில் போனார். வலது உள்ளங்கையைக் குழித்து நீர் ஏந்தி, கண்ணை மூடி, மூன்று தரம் குடித்தார். மிச்சத்தைத் தலையில் தடவினார். பின்னால் நின்றவர்களுக்கு அது தீர்த்தமாகிவிட்டது. அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அகப்பையில் நீர் அள்ளி வரிசையாக எல்லோர் தலையிலும் தெளித்தார். ஒரு மனிசி நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். பள்ளிக்கூடச் சீருடையில் வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள். ஆலயக் காவலாளி ஓடிவந்து அவர் கையிலிருந்த அகப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். வழிகாட்டி அந்தக் காவலாளிக்கு மூன்று முறை குனிந்தாள். குற்றம் அவளுடையதல்ல. அதுவும் எனக்குத் தெரிந்தேயிருந்தது. வரிசையில் என் மனைவியும் நின்று குடித்தாள். "நல்ல குளிர்ச்சி," என்றாள். நான் அவளையும் தடுக்கவில்லை.

பஸ்ஸில் தலைவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். தலை இன்னும் ஈரம்.

"தம்பி, அந்தப் பிள்ளை ஆறு வசனம் சொன்னவ. நீர் அஞ்சுதான் சொன்னனீர். இருவது வருசமா இதுதானே என்ர வேலை. எண்ணாமல் இருக்கேலாது."

"ஓம் அண்ணை."

"மறந்து போனீரோ?"

"இல்லை. ஒன்பதாம் ஆண்டு என்ர விசாரணைக்கு நீங்கள்தான் மொழிபெயர்த்தனீங்கள். எங்கட பிழைதிருத்துறவரைக் கொண்டுபோனதைச் சொன்னனான். நீங்கள் அதை எழுதக் குடுக்கேல்லை."

ஈரத் தலையைக் கையால் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒரு நாளைக்கு நாலு பேர் தம்பி. ஆரை எண்டு நினைவு வைக்கிறது? இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார்.

அதுவரை தொட்டியடியோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த "இருக்கும்" எனக்குப் போதவில்லை.

அடுத்த நாள் நிஜோ கோட்டை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலடிக்குக் கீச்சிடும் மரத்தளத்தில் மண்டபம் மண்டபமாக நடக்கவேண்டும். இருக்க ஒரு கதிரை கிடையாது. அவருக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஆனால் தலைவர் என்றபடியால் வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் ஒரு சொல்லும் விடவில்லை. தளத்துக்கடியில் ஆணி எப்படி உரசுகிறது, எந்தப் பிரபு எந்தப் பாயில் இருந்தான், சுவரில் தீட்டிய பைன் மரத்துக்கு ஏன் பொன் தகடு. வழிகாட்டி முடித்த இடத்தில் மேலும் கேள்வி கேட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சந்தோசம், இன்னும் சொன்னாள்.

"தம்பி, முழங்கால் குத்துது. சுருக்கிச் சொல்லும்."

"சுருக்கினால் பிழை வந்திடும் அண்ணை."

"அவர் வடிவாச் சொல்லுறார், விடுங்கோ அண்ணை," என்றார் பின்னால் ஒருவர்.

அவர் சுவரில் சாயப்போனார். மூலையில் நின்ற பணியாளர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன்: "சுவரில முட்டக்கூடாதாம். நேரா நிற்கட்டாம்."

நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று மண்டபங்கள் இருந்தன.