மூன்று பாட்டிலுக்கு ஒரு நாக்கு

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். மூடியைத் திறந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறியே உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லிவிடுவாள். ஆனால் வீட்டில் கணவர் குடித்த கோப்பையைத் தொடக்கூட மாட்டாள். "உங்க கண்றாவியை நீங்களே கழுவிக்குங்க" என்பாள்.

கணவர் மொடாக்குடியர் அல்ல. ஒரு பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை எழுதுகிறவர். சம்பளக்காரன் யோசித்து யோசித்து வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கிகளில் மூன்றை ஒப்பிட்டு, கொடுத்த காசுக்கு எது தகும் என்று தீர்ப்புச் சொல்வார். அதனால் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவருடைய மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. மூன்று கோப்பைகளை மாற்றி மாற்றி உறிஞ்சிப் பார்த்தவர், கடைசியில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் வாயேன். இதை மோந்து பாரு."

"நானா? விளையாடுறீங்களா?"

"எனக்கு எல்லாம் வெந்நீர் மாதிரி இருக்கு. வெளியே தெரிஞ்சா என் பிழைப்புல மண்ணு விழுந்துரும்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் மனம் இறங்கினாள். முதல் மிடறு தொண்டையை எரித்துக்கொண்டு போனது. மூன்றாம் மாதமோ, நாக்கு சுத்தமாக இருக்கும் காலை பதினோரு மணிக்கு அவளே கோப்பைகளை வரிசையாக வைத்தாள். துளித்துளியாகத் தண்ணீர் விட்டாள். எது எதுவென்று தெரியாமலிருக்க பாட்டில்களைத் துணியால் சுற்றச் சொன்னாள்.

"இது அணைச்ச கரியில தேன் ஊத்தின மாதிரி. இது ஆப்பிள் தோல், கொஞ்சம் ஈரக் கம்பளி. மூணாவது வாய் நிறைய சோப்பு."

"அதுதாம்மா விலை ஜாஸ்தி. பன்னெண்டு வருஷம் பீப்பாயில கிடந்தது."

"கிடந்து என்ன பிரயோஜனம்? பீப்பா சத்துக் கெட்டது. அந்த முதல் பாட்டில்?"

"பத்து வருஷம். இதுல பாதி விலை."

"அதையே வாங்கச் சொல்லுங்க."

அவர் அப்படியே எழுதினார். உங்கள் எழுத்தில் இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்று கடிதங்கள் வந்தன. அவற்றை அவளுக்கே உரக்கப் படித்துக் காட்டினார். அவளுக்கும் உள்ளுக்குள் பூரிப்புதான்.

இரண்டு வருஷத்துக் கட்டுரைகள் புத்தகமாயின. வெளியீட்டு விழாவுக்குப் போகும் வழியில்தான் அது அவள் கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் அச்சாகியிருந்தது: 'இந்த வாடையே பிடிக்காமல் முப்பத்து நாலு வருஷம் என்னைப் பொறுத்துக்கொண்ட மனைவிக்கு.'

விழாவில் ஒரு வாசகர் அவளிடம் ஆரஞ்சு ஜூஸை நீட்டி, "பாவம்மா நீங்க, எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ!" என்றார். சிரித்து வைத்தாள்.

அடுத்த மாத பாட்டில்கள் வந்தன. அவள் மேஜைக்கு வரவில்லை.

"எனக்குத்தான் பிடிக்காதே. அச்சுலயே போட்டிருக்கீங்க."

"அது ஒரு பேச்சுக்கு எழுதினது. பொண்டாட்டி ருசி பார்த்தான்னு எழுதினா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுமே."

அவர் லேபிளையும் விலையையும் பார்த்து, பழைய கட்டுரைகளிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கி, ஒப்பேற்றினார். அவள் சோப்பு என்று தள்ளிய அதே பன்னிரண்டு வருஷச் சரக்குக்கு இப்போது முதலிடம்.

யாராவது கண்டுபிடித்துக் கேட்பார்கள் என்று காத்திருந்தாள். அவர் வெளியே போன ஒரு மத்தியானம், வந்த கடிதங்களை ஒன்று விடாமல் படித்தாள். எல்லாம் பாராட்டு. ஒருவர் அந்தப் பன்னிரண்டு வருஷச் சரக்கில் இரண்டு பாட்டில் வாங்கிவிட்டாராம்.

நேரே கடைக்குப் போய் பத்து வருஷத்து பாட்டிலைக் கேட்டாள்.

"சாருக்காம்மா? அவரே இப்ப பன்னெண்டுதான் நல்லதுன்னு எழுதிட்டாரே?"

"எனக்கு."

கடைக்காரர் நல்ல ஜோக்கைக் கேட்டவர்போலச் சிரித்துக்கொண்டே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் ஊற்றினாள். இந்த முறை, விழுங்கின பிறகு, இதுவரை பிடிபடாத ஒன்று மெல்ல எழுந்து வந்தது, கிராம்பைக் கடித்ததுபோல. நன்றாகத்தான் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.