தம்பியின் காலும் பிரான்ஸ் மாத்திரையும்

எண்பதுகளின் நடுவில் என் தம்பி போலீஸ் வேலைக்காக ஓடிக்கொண்டிருந்தான். வயது வரம்பின்படி அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எழுத்துத் தேர்வைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை, ஓட்டம்தான் பயம். விடிந்ததும் காரைக்கால்மேட்டுக் கடற்கரை மணலில் ஓடுவான். மீன் இறக்குகிறவர்கள், "என்ன தம்பி, எந்தப் படகப் புடிக்க ஓடுறீங்க?" என்று கேட்பார்கள்.

நாளடைவில் முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி வீங்கியது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா பிரான்சிலிருந்து வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பட்டாளத்துப் பென்ஷன்காரர் பெட்டியைத் திறந்தால் தெருவே வந்து நிற்கும். சோப்பு, சென்ட், அப்புறம் மருந்து. எந்த நோய்க்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அம்மா ஒரு வருடம் மூட்டுக்குப் பூசிய களிம்பு, சளிக்கு நெஞ்சில் தடவுவது.

தம்பிக்கு வைட்டமின் ஈ. தேன் நிறத்தில் வழவழப்பான மாத்திரை.

"அங்க பந்தயத்துல ஓடுறவன்லாம் இதத்தாண்டா முழுங்குறான். வலி, வீக்கம் எதுவும் கிட்ட வராது" என்றார்.

அக்காவாக நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார்.

"ஓடுனா தசையிலயும் எலும்புலயும் சின்னச் சின்னதா சேதமாகும். அத சரிபண்ணத்தான் உடம்பு வீங்குது. சரியானப்புறம்தான் பலம் வரும். நீங்க அதுக்கு நேரமே குடுக்கல, இப்ப எலும்புல வலி. அடங்குற வரைக்கும் ஓடாதீங்க."

"வைட்டமின் மாத்திரை சாப்பிடுறேன், சார்."

"சாப்பிடுங்க. ஓய்வுக்குப் பதிலா அது ஆகாது."

ஊசி போடவில்லை, மருந்தும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அவர் பேச்சு எடுபடாமல் போக அது போதும்.

"சும்மா இருன்னு சொல்ல ஒரு டாக்டரா?" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நான் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

தம்பி மாத்திரையைக் கூட்டினான். மாத்திரையை நம்பி ஓட்டத்தையும் கூட்டினான். வீக்கம் எப்படி இருக்கிறது என்றால், "கொறஞ்ச மாதிரிதான் இருக்கு" என்பான். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வான்.

பாண்டிச்சேரியில் தேர்வு ஓட்டம். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். எலும்பில் விரிசல் என்று அதே டாக்டர்தான் மாவுக்கட்டுப் போட்டார். ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. பெரியப்பா மட்டும் சொன்னார்: "ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டான்."

மறு வருடம் அவனுக்கென்றே பெரிய மாத்திரைக் குப்பி கொண்டுவந்தார். அதற்குள் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தான். குப்பியை வாங்கி வைத்துக்கொண்டான்.

ரொம்பக் காலம் கழித்துப் பத்திரிகைகளில் 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்ற சொல் அடிபட்டது. வைட்டமின் ஈயும் அந்த வகைதானாம்; இந்த மாத்திரைகளை அதிகமாக விழுங்கினால் பயிற்சியின் பலனே குறையலாம் என்று ஒரு செய்தி. வெட்டி எடுத்துப்போய்க் கொடுத்தேன். கடையில் நின்றபடியே முழுவதும் படித்தான்.

"ஏன் அக்கா, இது நம்ம ஊரு பேப்பர்தானே, பிரான்சுல வந்ததில்லையே?" என்றான்.